புதன்கிழமைக் கையெழுத்து

நான் நன்னடத்தை அலுவலர். தண்டனை முடியுமுன் நிபந்தனையோடு வெளியே விடப்பட்டவர்கள் வாரம் ஒருமுறை என் மேஜைக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபத்தை எப்படி அடக்குவது என்று அவர்களுக்குப் பாடம் எடுப்பதும் நான்தான். சிரிக்காதீர்கள்.

அப்படி வருபவர்களில் ஒரு கொத்தனார், ஒருவனை அடித்துக் கொன்றுவிட்டு ஒன்பது வருடம் உள்ளே இருந்தவர். மிச்சம் நான்கு வருடம். யார் மேலாவது கை வைத்தாலோ, செத்தவன் குடும்பத்தைச் சந்தித்தாலோ, அந்த நான்கையும் உள்ளேதான் கழிக்க வேண்டும்.

"கோவம் வந்தா ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு, அதுமேல உக்காந்துடுங்க" என்று முதல் நாளே சொன்னேன்.

"சரிங்க சார்" என்றார்.

செத்தவனின் தம்பியும் ஓர் அடிதடி வழக்கில் எங்கள் அலுவலகத்துக்குத்தான் கையெழுத்துப் போட வருகிறான். அவனுக்குப் புதன், கொத்தனாருக்குச் செவ்வாய் என்று பிரித்து வைத்திருந்தோம். அந்தச் செவ்வாய் எனக்குப் பல்வலி. "நாளைக்கு வாங்க" என்று கொத்தனாருக்கு போன் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். தம்பியின் நினைப்பே வரவில்லை.

புதன் காலை வராந்தாவில் அலறல். ஓடினேன். தம்பி, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றி, கொத்தனாரின் முகத்தில் இறக்கிக்கொண்டிருந்தான்.

"எங்கண்ணன எந்திரிச்சு வரச் சொல்லுடா!"

பல் தெறித்து என் காலடியில் விழுந்தது. மறுபடி இறக்கினான். மூக்கு கூழாகிவிட்டது. நினைத்திருந்தால் கொத்தனார் அவனை ஒற்றைக் கையால் தூக்கி எறிந்திருப்பார். பெஞ்சை விட்டு அசையவில்லை.

பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். ஒருமுறை போதும், மூன்று முறை மோதினேன். கடைசியில் காவலர் என்னைத்தான் இழுத்துப் பிடித்தார்.

கொத்தனாரின் இடது கண் போய்விட்டது. கைகள் இன்னும் தொடைக்கு அடியிலேயே இருந்தன. நான்தான் உருவி எடுத்தேன்.

"கைய எடுக்கல சார். எழுதிக்குங்க."

முகத்தையாவது மூடியிருக்கக் கூடாதா, பாவி மனுஷா! எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றே அறிக்கை அனுப்ப வேண்டும். கை வைத்தாரா? இல்லை. சந்திக்கக் கூடாதவரைச் சந்தித்தாரா? ஆம். அந்த ஒரு 'ஆம்' போதும் அவரை உள்ளே தள்ள. யார் தப்பு என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. என் தப்பை எழுதினால் என் வேலைக்கு உலை, எழுதாவிட்டால் அவருக்கு நான்கு வருடம்.

ஓரத்தில் எழுதினேன்: "புதன்கிழமை வரச் சொன்னது நான்."