டிக்கெட் செல்லாத நாட்கள்

“கார்டு வைத்திருப்பவர் நீங்கள்தான் என்றால் ஒன்றை அழுத்தவும்” என்றது போன். மாடி வீட்டுப் புரோக்கர் கூசாமல் ஒன்றை அழுத்தினார். கார்டு வைத்திருந்தவர் சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில், ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

“காத்திருக்கவும்” என்று சொல்லிவிட்டு போன் ஒரு பாட்டைப் போட்டது. கல்யாண வீட்டில் போட வேண்டிய பாட்டு. சமையல் மேடையில் சாய்ந்து நின்ற செத்தவரின் மனைவிக்கு உடம்பெல்லாம் கூசியது.

“சத்தத்தைக் குறைங்கண்ணே. கூடத்துல கேக்குது.”

“குறைச்சா அவன் பேசறது கேக்காதும்மா. நீ பேசாம இரு. இல்லாத வீட்டுக்கே அட்வான்ஸ் வாங்கிக் குடுத்தவன் நான்.”

“அதையும் பெருமையா சொல்லிக்குங்க” என்றாள் புரோக்கரின் மனைவி.

செத்தவரைத் தெரு பாயிண்ட்டுக்காரர் என்றுதான் கூப்பிடும். லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் ஏறி இறங்கியும் பதினாலாவது மாடிக்கு மேல் போனதில்லை. அதற்கு மேல் போக அவர் கண்டுபிடித்த வழிதான் கிரெடிட் கார்டு. தேய்க்கத் தேய்க்கப் பாயிண்ட் சேரும், சேர்ந்தால் விமான டிக்கெட் ஓசி. ஆனால் லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் தேய்ப்பதற்கு அப்படி என்ன செலவு இருக்கிறது? ஆகவே தெருவில் யார் எது வாங்கினாலும் கூடவே போனார். கடைக்காரரிடம் தன் கார்டை நீட்டுவார், வாங்கினவர் அங்கேயே பணத்தை எண்ணி இவர் கையில் கொடுத்துவிட வேண்டும். பொருள் அவர்களுக்கு, பாயிண்ட் இவருக்கு. தெருவில் பாதி ஃபிரிட்ஜும் முக்கால்வாசி வாஷிங் மெஷினும் இவர் கார்டில் வந்தவைதான். எவர் வீட்டிலாவது மிக்ஸி புகைகிறது என்று காதில் விழுந்தால் போதும், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு மறுநாளே போய் நிற்பார்.

போன வாரம்தான் வீட்டுக்குள் நுழையும்போதே, “முழுசாயிடுச்சு, ரெண்டு டிக்கெட்!” என்று அறிவித்தார். இன்று காலை ஐந்தரைக்குத் தண்ணீர் கேட்டார். டம்ளரோடு அவள் திரும்புவதற்குள் போய்விட்டார்.

ஒரே மகள் கடல் தாண்டி, ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கிருந்து மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு விமானம். அதை விட்டால் நாளைக்குத்தான். கடைசி நேர டிக்கெட்டின் விலையைக் கேட்டுவிட்டு மகள் போனில் சத்தமே இல்லாமல் அழுதாள். “உங்கப்பா சேத்த பாயிண்ட் இருக்குடி. நீ கிளம்பி நில்லு” என்று இவள்தான் சொன்னாள். உறவுக்காரருக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமானால் கார்டுக்காரரே போனில் கேட்க வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் புரோக்கர்.

கணவரின் அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றார். ரிட்டயரான தலைமை எழுத்தர். நின்றாலே விசாரணைதான்.

“ஏம்மா, செத்தவன் குரல்ல பேசி டிக்கெட் வாங்கறதா? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?”

“நாலு பேருக்கும் தெரியும் மாமா. வெளியில உக்காந்து அதைத்தான் பேசிட்டிருக்காங்க.”

பாட்டு நின்றது. ஓர் இளைஞனின் குரல் வணக்கம் சொன்னது. புரோக்கர் தொண்டையைக் கனைத்து, கரகரவென்று இழுத்து இழுத்துப் பேச ஆரம்பித்தார். சாகிற அன்றுகூட அவள் புருஷன் அப்படிப் பேசியதில்லை. பிறந்த தேதியை அவள் காதோடு சொன்னாள். வீட்டு முகவரிக்கு உதவி தேவைப்படவில்லை.

“நன்றி சார். பாதுகாப்புக்காக ஒரே ஒரு கேள்வி. கார்டுல கடைசியா பண்ணின பெரிய செலவு எது?”

புரோக்கர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அந்த மனிதர் யார் யாருக்கு எதையெல்லாம் தேய்த்தார் என்று கட்டினவளுக்கு எப்படித் தெரியும்? புரோக்கரின் மனைவி கூடத்துக்குத் தலையை நீட்டினாள்.

“கடைசியா இவர் கார்டுல யாருங்க வாங்கினது?”

சாவு வீடு ஒரு நொடி அழுகையை நிறுத்தியது.

“எங்க வாஷிங் மெஷின்” என்றாள் மூன்றாம் வீட்டுக்காரி.

“அது போன மாசம்டி. அதுக்கப்புறம் எங்க மெத்தை வந்துச்சே.”

“மெத்தை என்ன பெரிய செலவு? மாசாமாசம் சீட்டு கட்டி நான் வாங்கின மெஷினா அது?”

“பத்து வருஷ கேரண்டி மெத்தை! உக்காந்து பாத்துட்டுப் பேசு!”

வாசல் கதவோரம் தலை குனிந்து நின்ற பல் டாக்டர் மெதுவாகக் கையைத் தூக்கினார். “என்னோடதா இருக்கும். நாற்காலி. போன திங்கக்கிழமை.”

“என்ன நாற்காலி?”

“பல் புடுங்கற நாற்காலி.”

யாரோ மூக்கால் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினார்கள். இரண்டு டிக்கெட் எப்படி ஒரே நாளில் முழுசானது என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

“பல் புடுங்கற நாற்காலி” என்றார் புரோக்கர் போனில்.

“சரியான பதில் சார். சொல்லுங்க, எப்படி உதவட்டும்?”

மகளின் பெயர், ஊர், இரண்டு மணி விமானம், எல்லாவற்றையும் புரோக்கர் பிசகாமல் சொன்னார். மறுபக்கம் தட்டுகிற சத்தம். அந்த நேரம் பார்த்துக் கணவரின் சித்தி மகள் வாசலில் வந்திறங்கி, “போயிட்டீங்களாண்ணே!” என்று ஓங்கிக் குரல் எடுத்தாள்.

“சார், அங்க யாரோ அழறாங்களே?”

“டிவி. சீரியல்” என்றார் புரோக்கர்.

“மன்னிக்கணும் சார். இன்னிக்கு இலவச டிக்கெட் செல்லாத நாள். விடுமுறை சீசன். அடுத்த மாசம் பத்தாம் தேதி வரைக்கும் எடுக்க முடியாது.”

“அவசரம் தம்பி. வீட்டுல ஒரு சாவு.”

“புரியுது சார். ஆனா உங்களுக்குத் தெரியாத விதி இல்லையே. நீங்க கேக்கறது இதோட அஞ்சாவது தடவை.”

அவள் மேடையிலிருந்து நிமிர்ந்தாள். கேளுங்கள் என்று கையால் காட்டினாள்.

“அஞ்சாவதா? வயசாச்சு பாரு, மறந்து போச்சு. எப்பெப்பக் கேட்டேன்?”

“இங்க குறிப்பு இருக்கு சார். மூணு வருஷம் முன்னாடி, மகளுக்குப் பிரசவம்னு சொல்லி மனைவி பேர்ல ஒரு டிக்கெட். செல்லாத நாள். அப்புறம் பேரனோட முதல் பிறந்த நாள். அதுவும் செல்லாத நாள். போன வருஷம், மகளுக்கு ஆபரேஷன். அந்த விமானத்துல இலவச சீட்டு தீந்துடுச்சு. போன செவ்வாய்க்கிழமை, இதே செல்லாத சீசன்ல, ரெண்டு டிக்கெட். காரணம்…” இளைஞன் தயங்கினான். “மனைவி பேச மாட்டேங்கிறான்னு எழுதியிருக்கு சார்.”

புரோக்கர் தரையைப் பார்த்தார். புரோக்கரின் மனைவி ஏற்கெனவே கழுவிய டம்ளரை மறுபடி கழுவினாள்.

தெருவுக்கே தெரிந்த சண்டை அது. பிரசவத்துக்குப் போக முடியாத கோபத்தில், “ஓசியில பறக்கணும்னு பேரனைக் கண்ணால காட்டாத கஞ்சன்” என்று குழாயடியில் வைத்தே அவள் சொல்லியிருக்கிறாள். பாயிண்ட்டுக்காரர் ஒரு தடவையாவது வாயைத் திறந்து, கேட்டேன், தரமாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னாரா? “இன்னும் கொஞ்சம் சேரட்டும்” என்பார். தெருவுக்கே கார்டு பாடம் எடுத்த வாய் அது. ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்லும்?

அவள் போனைப் பிடுங்கினாள்.

“தம்பி, நான் அவர் சம்சாரம்.”

“மேடம், கார்டு வச்சிருக்கறவர்கிட்டதான் நாங்க…”

“அவர் காலையில அஞ்சரைக்கு செத்துட்டார்.”

புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். “கெடுத்தியே! பத்தாம் தேதிக்கு மேல எடுத்திருக்கலாமேம்மா!”

“ஆழ்ந்த அனுதாபங்கள் மேடம். அப்போ இவ்வளவு நேரம் பேசினது?”

“அது கிடக்கட்டும். பொறந்த அன்னிக்குச் செல்லாது. பொறந்த நாளைக்குச் செல்லாது. வயித்தை அறுக்கற அன்னிக்கு சீட்டு இல்ல. செத்த அன்னிக்கும் செல்லாது. எந்த நாளைக்குத்தான் செல்லும்? சொல்லுங்க, அன்னிக்கு வச்சுக்கறோம்.”

“மேடம், நான் வேலை பாக்கறவன்தான்.”

“அவரும் வேலை பாத்தவர்தான். உங்க கார்டுக்காக வீடு வீடாப் போயி, மிக்ஸி கெட்டுப்போச்சா, மெத்தை கிழிஞ்சுபோச்சான்னு கேட்டுட்டு நின்னார். ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். செல்லாது செல்லாதுன்னு நாலு தடவை சொன்னீங்களே, சேக்காதய்யான்னு ஒரு தடவை சொல்லக் கூடாதா?”

மறுபக்கம் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இளைஞன், யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற குரலில் சொன்னான்: “இறப்புத் தகவல் கிடைச்சதால இந்தக் கணக்கோட பாயிண்ட்டுகள் எல்லாம் ரத்தாகுது மேடம். வாரிசுக்கு மாத்த விதி இல்ல. லைன்லயே இருந்து, இந்தச் சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க்குன்னு அழுத்துங்க.”

அவள் போனைப் புரோக்கரின் கையில் திணித்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். வாஷிங் மெஷினும் மெத்தையும் வாயை மூடிக்கொண்டு வழிவிட்டன. பெட்டியின் கண்ணாடி பனி படர்ந்து முகம் தெரியாமல் இருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு இன்னொரு தடவை துடைத்தாள்.

அரை மணி நேரம் கழித்து மகளே கூப்பிட்டாள்.

“அம்மா, டிக்கெட் எடுத்துட்டேன். ஏர்போர்ட்ல நிக்கறேன்.”

“எப்படிடி?”

“ஹெட் நர்ஸ் அவங்க கார்டுல போட்டுக் குடுத்தாங்க.” மகள் மூக்கை உறிஞ்சினாள். “பரவால்ல, எனக்குப் பாயிண்ட் வரும்னாங்கம்மா.”

அவள் கணக்குப் போட்டாள். ஆறு மணிக்கு இறங்கினால் ஏழரைக்கு வீடு.

ஆனால் கணவரின் அண்ணன் வண்டியை நாலு மணிக்குச் சொல்லியிருந்தார். நாலு அடிக்கும்போது வந்தும் விட்டது. குறுகிய தெருவை அடைத்துக்கொண்டு, பின்கதவைத் திறந்துவைத்து, எஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டு நின்றது.

“எடுத்துடலாம்மா” என்றார் அவர்.

“பொண்ணு ஏழரைக்கு வந்துடுவா மாமா.”

“அவ வந்து என்ன, உயிரா வரப்போகுது? வெளியூர்க்காரங்க ஆறரை பஸ்ஸைப் பிடிக்கணும். அதை விட்டா காலையிலதான் பஸ்.”

“வெளியூர்லேர்ந்து வந்தது யாரு மாமா?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரும் அவர் மனைவியும் கணவரின் சித்தி மகளும்தான்.

“ஒன்பது மணி வரைக்கும் மயானத்துல எடுத்துக்குவாங்க, நான் கேட்டுட்டேன்” என்று பல் டாக்டர் மெல்லச் சொன்னார். பெரியவர் முறைத்த முறைப்பில் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். மெத்தைக்காரி, “பொம்பளப் புள்ள தனியா வர்றா” என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

“நேரம் குறிச்சாச்சு. இனி மாத்த முடியாது” என்றார் பெரியவர். “தூக்குங்கப்பா.”

நான்கு பேர் பெட்டியை நோக்கி வந்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. நேராக வெளியே போய், வண்டிக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த படியில் உட்கார்ந்தாள். தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுவதற்கு யாருக்கும் கால் வரவில்லை.

“நிக்கட்டும்” என்றாள்.

டிரைவர் பெரியவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். தெரு சட்டென்று அமைதியானது. வண்டிக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொண்ட ஒரு கார் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. மூன்றாம் தடவை அடிப்பதற்கு முன் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தவர், படியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பிக்கொண்டு, தெருமுனை வரைக்கும் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார்.