டீ வரும்போது பேசிக்கொண்டிருந்தவர்

இரண்டு நாளாகப் பூங்குழலிக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. நீ கட்டுரை வாசிக்க வேண்டாம் என்று யாருமே அவளிடம் சொல்லவில்லை. ஆனாலும் அவள் இன்னும் வாசிக்கவில்லை. முதல் நாள் மூன்றாவதாக வாசிக்க இருந்தவளிடம், "நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்றார்கள். மறுநாள், "கடைசி நாள் நிதானமா வாசிக்கலாம்" என்றார்கள். இன்று கடைசி நாள். தடுத்த ஆள் யார் என்று தேடினால் ஒருவரும் அகப்படவில்லை.

"ஏங்கண்ணு, நின்னுக்கிட்டே என்ன ரோசன? பெரிய சாருக்குக் குச்சிக்கெழங்கு இன்னொரு கை வையி."

அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தவள் அவளுடைய அம்மா சென்னம்மாள். கொல்லிமலையில் செம்மேட்டுப் பேருந்து நிலையத்துக்கு மேலே ஒரு தங்கும் விடுதி. அதன் மாடிக் கூடத்தில்தான் தத்துவ முதுகலை மாணவர்களுக்கான மூன்று நாள் பயிலரங்கு நடந்தது. பொருள், இருபதாம் நூற்றாண்டின் விமர்சனக் கோட்பாடு. சமவெளிக் கல்லூரியின் துறைத்தலைவர் அர்த்தனாரிதான் மலையில் நடத்தலாம் என்றார். "நம்ம பூங்குழலி ஊருதானே, சாப்பாட்டுக்குக் கவலையே இல்ல" என்று சொன்னவரும் அவர்தான். அந்த ஒரு வார்த்தையில் அம்மா சமையலுக்கு வந்தாள். மகள், கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே மாட்டிக்கொண்டாள்.

"அம்மா, இன்னிக்கு நான் உள்ளயே ஒக்காந்துக்கறேன். மைதிலி மேடம் ஒரு மணி பஸ்ஸுக்குக் கெளம்பிருவாங்க."

மைதிலி வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தார். இந்த ஆண்டு அவரிடம் ஓர் ஆய்வு மாணவருக்கு மட்டுமே இடம் இருந்தது. காதால் கேட்காத கட்டுரையை எடைபோட மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஒக்காரு, யாரு வேண்டாங்கறா? ஊத்திக் குடுத்துப்போட்டு ஒக்காரு. மலையேறி வந்தவங்களுக்கு ஊட்டுப் பொண்ணு கையால குடுக்கலீன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

விருந்தாளிகளில் கடைசி ஆள் கைகழுவும் வரை வீட்டுப் பெண் உட்காரக் கூடாது. அது அவர்கள் ஊர் வழக்கம். சென்னம்மாள் கணக்கில் அந்த மாடிக் கூடமே தன் வீடாகிவிட்டது.

எல்லாரும் காலைப் பலகாரம் முடித்துப் போன பிறகே பூங்குழலி மாடியேறினாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் தலைமாடு கால்மாடு கிடையாது, எல்லாரும் சமம் என்று முதல் நாள் அர்த்தனாரி விளக்கியிருந்தார். இப்போதும் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆதிக்கம்னா யாராச்சும் அதட்டணும்னு அவசியமே இல்லப்பா. அது பழக்கமா வரும். நம்ம இஷ்டத்துலதான் செய்யறோம்னு தோணும். அதுதான் அதோட கெட்டிக்காரத்தனம்."

எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். அவர் முடித்ததும் யுவராஜ் பிடித்துக்கொண்டான். சேலத்துப் பையன். கேள்வி கேட்கிறேன் என்று தொடங்கிக் கால்மணி நேரம் பேசக்கூடியவன். பூங்குழலி தன் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு கால்விரல்களை ஆட்டியபடி இருந்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பதும் யுவராஜின் வாயைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

பதினொரு மணிக்குச் சென்னம்மாள் பெரிய தூக்குப்போசியில் டீயைக் கொண்டுவந்து கதவோரப் பெஞ்சில் வைத்தாள். மூடி கிணுகிணுத்தது.

பழுதான வானொலியின் முதுகைத் திறந்து பார்ப்பவளைப் போல, நடப்பதை இந்த முறை பூங்குழலி கவனித்தாள். முதலில் ஒருவர் போசியைப் பார்க்கிறார். அடுத்தவர் போசியைப் பார்த்துவிட்டு அவளைப் பார்க்கிறார். அப்புறம் எல்லாரும் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் அவள் கால்கள் தாமாக எழுந்துவிடுகின்றன. அவள் எல்லாருக்கும் ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் பேச்சு நாலு கொண்டை ஊசி வளைவு தாண்டியிருக்கும். எங்கே நுழைவது என்று அவள் தேடும்போது, நேரமாகிவிட்டது என்பார்கள். இவ்வளவுதான் யந்திரம். அதை ஓட்ட ஓர் ஆள் தேவையே இல்லை.

அவள் கால்கள் எழப்பார்த்தன. நாற்காலிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பூங்குழலி, டீ ஆறுது" என்றான் யுவராஜ்.

"எனக்கும் தெரியுது."

அர்த்தனாரி சிரித்தார். "என்னம்மா, கொல்லிமலை உபசரிப்பு ரெண்டே நாள்தானா? இவங்களுக்கெல்லாம் அது ரத்தத்துலயே ஊறினதுன்னு மேடத்துகிட்டப் பெருமையாச் சொல்லி வெச்சிருந்தேன்."

"ரத்தத்துல ஒண்ணும் ஊறலீங்க சார். மூணு நாளும் போசிக்குப் பக்கத்து நாற்காலியத்தான் எனக்குப் போட்டிருக்கீங்க."

யாரோ இருமினார்கள். டீயில் ஆடை படிந்தது. வாசலில் நின்ற சென்னம்மாள் பதறி உள்ளே வந்தாள்.

"ஏஞ்சாமி, கால்ல முள்ளு கிள்ளு குத்திருச்சா? இருங்க சார், நான் ஊத்தறனுங்க."

"நீயும் ஊத்தாதம்மா."

"எல்லாருத்துக்கும் முன்னால எம் மானத்த வாங்காதடி!" என்று சென்னம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஆனால் கரண்டியை எடுத்த கை அப்படியே நின்றது.

மைதிலி பேனாவை மூடினார். "சரிம்மா. அப்ப யார் ஊத்தறது?"

கேலி இல்லை, கேள்விதான். பூங்குழலி யோசித்தாள். தான் ஊற்றாவிட்டால் அம்மா. அம்மா இல்லாவிட்டால் பாத்திரம் கழுவும் அம்சவேணி. ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குப் போசி கைமாறினால் யந்திரம் நின்றுவிடுமா? அவள் எதிரே பார்த்தாள். விட்ட இடத்தில் தொடரலாம் என்று யுவராஜ் இன்னும் வாயைத் திறந்தபடியே காத்திருந்தான்.

"டீ வரும்போது யாரு பேசிட்டு இருந்தாங்களோ அவங்க ஊத்தட்டும். அவங்க திரும்பி வந்து ஒக்கார்ற வரைக்கும் யாரும் பேச வேண்டாம்."

"அப்ப நானா?" என்று யுவராஜ் அலற, கூடம் சிரித்தது.

அவன் இரண்டு டம்ளரில் வழியவிட்டு, ஒன்றில் பாதியே ஊற்றி, விரலைச் சுட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அதுவரை எல்லாரும் வாய்மூடி இருந்தார்கள். எப்படியோ அவனுடைய கால்மணி நேரக் கேள்வி இரண்டே வாக்கியத்தில் முடிந்தது. அதை எல்லாரும் விவாதித்து முடித்தபோது மணி பன்னிரண்டரை. பூங்குழலி எழுந்து வாசிக்கத் தொடங்கினாள்.

செம்மேட்டுச் சந்தையில் மிளகுக்கு விலை சொல்வது யார் என்பதுதான் அவள் கட்டுரை. விளைவித்தவர் மூட்டையைப் பிரிக்கிறார், எடைபோட உதவுகிறார், வியாபாரிக்கு உட்காரப் பலகை எடுத்துப் போடுகிறார். இதையெல்லாம் அவர் செய்து முடிப்பதற்குள் விலை முடிவாகிவிடுகிறது. இந்த வரிக்கு அவள் வந்தபோது, சாப்பாட்டுக்கு முன் குடிக்க மிளகு ரசம் எடுத்துக்கொண்டு சென்னம்மாள் வாசலில் வந்து நின்றாள். மகளைப் பார்க்காமல் போசியை வைத்தாள்.

பேசிக்கொண்டிருந்தவள் பூங்குழலி. தாள்களை நாற்காலியில் வைத்துவிட்டு ஊற்றப் போனாள்.

"பாத்தீங்களா, கடைசியில பழக்கம்..." என்று அர்த்தனாரி தொடங்கினார். "இந்த இடைவேளையில நான் ஒரு சின்னக் கருத்தச் சொல்லிர்றேன்."

"சார், அவங்க ஊத்திட்டிருக்காங்க" என்றார் மைதிலி.

அர்த்தனாரி வாயை மூடிக்கொண்டார். கீழே ஒரு மணி பஸ் புறப்படத் தயாராகி ஆரன் அடித்தது. மைதிலி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பையை எடுக்கவில்லை. பூங்குழலி அவசரப்படாமல் ஒவ்வொரு டம்ளராக ஊற்றிக் கொடுத்தாள். கடைசி டம்ளரை வாசலில் நின்ற அம்மாவிடம் நீட்டினாள். சென்னம்மாள் அதை வாங்கிக்கொண்டு கூடத்தைப் பார்த்தாள். அத்தனை படித்த பேரும் தன் மகள் வந்து உட்காரட்டும் என்று வாய்திறவாமல் இருந்தார்கள்.

பஸ் போய்விட்டது. பூங்குழலி தாள்களை எடுத்து, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தாள்.

அன்று கண்டுபிடித்த வழி இவ்வளவுதான்: பேசுகிறவரே ஊற்ற வேண்டும், ஊற்றுகிறவர் வந்து உட்காரும் வரை பேச்சு காத்திருக்க வேண்டும்.