ஔதக்குட்டியின் முழங்காலும் வெள்ளிச் சிலுவையும்

“எப்ப ஆபரேஷன்னு நீங்களே முடிவு பண்ணுங்க” என்று டாக்டர் ஹரிதாஸ் சொன்னதுதான் பிசகு. ஔதக்குட்டி ஐந்து வருஷமாக முடிவு பண்ணிக்கொண்டே இருந்தார்.

வலது முழங்காலில் எலும்போடு எலும்பு உரசியது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தால் பக்கத்து ரப்பர் தோட்டத்து நாய்கள் குரைக்கும். இருந்தும் உகந்த மாதம் வந்தபாடில்லை. ஈஸ்டருக்கு முன் ஐம்பது நாள் நோன்பு. மீன் காணாத உடம்பில் கத்தி வைக்கலாமா? ஈஸ்டருக்குப் பின் ஊரெல்லாம் கல்யாணம். கர்க்கடகம் என்கிற ஆடி மாத மழையில் ஆயுர்வேத வைத்தியசாலையில் பதினாலு நாள் எண்ணெய்க் கிழி ஒத்தடம். அது முடிந்து பதினாலு நாள் பத்தியத்தோடு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்க வேண்டியவனை ஆஸ்பத்திரிக்கு இழுப்பது எந்த ஊர் நியாயம்?

“இச்சாயா, ஓணமும் முடிஞ்சுது” என்றாள் மனைவி ஏலிக்குட்டி. “நீங்க மாடி ஏறி ஒரு வருஷமாச்சு. ராத்திரி நீங்களும் தூங்கறதில்ல, என்னையும் தூங்க விடறதில்ல. ஆபரேஷனுக்கு நேரம் வந்தாச்சுங்கறதுக்கு இதத்தானே டாக்டர் அடையாளம்னு சொன்னாரு?”

“எடியே, ஜனவரியில நம்ம சர்ச்சுப் பெருநாள். வெள்ளிச் சிலுவைய யாரு தூக்குவா? உன் அண்ணனா?”

அதுதான் சங்கதி. சர்ச் ஊர்வலத்தில் சிலுவை சுமப்பது மூன்று தலைமுறையாக ஔதக்குட்டி வீட்டு உரிமை. ஒரு வருஷம் விட்டால் மச்சான் பாப்பச்சன் தட்டிக்கொண்டு போய்விடுவான்.

“இப்பப் பண்ணினா பெருநாளுக்கு நடந்தே போகலாம். சிலுவைய மட்டும் இந்தத் தடவை வேற ஆள் தூக்கட்டும்” என்றார் டாக்டர் போனில்.

“அதுக்கு என் தலைய எடுத்துடுங்க டாக்டரே” என்று போனை வைத்தார் ஔதக்குட்டி.

பெருநாளன்று இரண்டு வலி மாத்திரையை விழுங்கிவிட்டுச் சிலுவையோடு வீராப்பாகக் கிளம்பினார். குன்றின் பாதி ஏற்றத்தில் முழங்கால் பூட்டிக்கொண்டது. பாதிரியார் நின்றார். பின்னால் ஆயிரம் பேர் நின்றார்கள். பேண்டுக்காரர்கள் தெரிந்த நாலு பாட்டையும் ஏழேழு தடவை வாசித்துவிட்டு உதட்டைத் தடவிக்கொண்டார்கள்.

பாப்பச்சன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். “குடு அளியா, சும்மா பத்தடிக்கு.”

“பத்தடிக்குன்னு வாங்கிப் பத்துத் தலைமுறைக்கு வச்சுக்குவே. நான் நின்னே சாகறேன், போ.”

“சாவுங்க இச்சாயா, ஆனா ஓரமா நின்னு சாவுங்க. ஜனங்களுக்குப் பசிக்குது” என்று பெண்கள் வரிசையிலிருந்து ஏலிக்குட்டி வந்தாள். பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். “இப்பப் பண்ணிக்கிட்டா இந்த ஒரு பெருநாள்தான் போச்சு. தள்ளிப்போட்டா இனி எந்தப் பெருநாளும் இல்ல.”

ஐந்து வருஷத்தில் முடியாதது அரை நிமிஷத்தில் முடிந்தது. சிலுவையைப் பாப்பச்சன் கையில் கொடுத்தார். “இந்த ஒரு வருஷம்தான். வீட்டுக்குக் கொண்டுபோயிடாதே.”

ஊர்வலம் நகர்ந்தது. மதகுக் கட்டையில் உட்கார்ந்து டாக்டருக்குப் போன் போட்டார்.

“எப்ப வர்றீங்க ஔதக்குட்டிச்சேட்டா? நோன்புக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“இப்பவே வரட்டுமா? அவன் சிலுவையோட திரும்பி வர்றதுக்குள்ள.”