மேல்தளத்தில் நின்றவர்கள்

“‘என்னைக் கடைசியாகக் கொண்டுபோகும் அன்றைக்கு, இரண்டடுக்கு பஸ் நிறைய மாணவர்கள் பின்னால் வருவார்கள். மேல்தளத்தில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டு வருவார்கள்.’ என் அப்பா அடிக்கடி சொன்னது இது.”

படித்துவிட்டு நவோமி தாளை மடித்தாள். அவர்களுடைய கறுப்புக் கார் மான்செஸ்டரின் ஆக்ஸ்போர்டு சாலையில், சவ வண்டிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது.

“இதை அங்க எல்லார் முன்னாடியும் படிக்கப் போறியா?” என்றார் எதிரே இருந்த கிளிஃபர்ட் மாமா.

“ஆமா மாமா.”

“அந்த வரியை அடிச்சிரு. ஒண்ணு, பரீட்சை மாசத்துல ஒருத்தனும் வரமாட்டான். ரெண்டு, மேல்தளத்துல யாரும் நிக்கக்கூடாது. அது சட்டம். முப்பத்தொரு வருஷம் பஸ் இன்ஸ்பெக்டரா இருந்திருக்கேன். ஒருத்தன் நின்னு நான் பார்த்ததில்லை.”

“இன்னிக்கு ஒரு நாளாவது அவர் சொன்னதை மறுக்காம இரேன், கிளிஃப்,” என்றாள் அம்மா. அவள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நவோமியின் அப்பா, பஸ் டிரைவர் டெரெக் ஹிண்டிலின் வாய்க்குள் போன எந்த எண்ணும் ஒல்லியாக வெளியே வந்ததில்லை. அவர் பார்த்த பனி எப்போதும் ஆறடி. அவர் பஸ்ஸில் ஒரு தடவை ஏறிய நாய், மூன்றாம் தடவை சொல்லும்போது மூன்று நாயாகி, அதில் ஒன்றுக்கு மாணவர் சலுகைச் சீட்டும் இருந்தது. பதினெட்டு வருடம் அதே தடம், அதே மாணவர் கூட்டம். மைத்துனர் கிளிஃபர்ட் அதே டிப்போவில் இன்ஸ்பெக்டராக இருந்து, அவர் சொன்ன ஒவ்வொன்றையும் எண்ணிச் சரிபார்த்துக் குறைத்துக்கொண்டே வந்தார். அவர் குறைக்காத சங்கதி ஒன்றே ஒன்றுதான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, கடைசி நிறுத்தத்தில், டெரெக் கை பிரேக்கை இழுத்து, கதவைத் திறந்து, என்ஜினை அணைத்தார். அதற்குப் பிறகுதான் அவருடைய இதயம் நின்றது.

“அதை மட்டும் சரியா செஞ்சான்,” என்று மாமா ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்லியிருந்தார்.

நவோமி மணி பார்த்தாள். பதினொன்று முப்பத்தெட்டு. தகன மண்டபத்தில் அவர்களுக்குப் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரை வரைதான் நேரம். அதற்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது, அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும். மண்டபத்தில் எண்பது பேர் உட்காரலாம். உறவும் அக்கம்பக்கமும் சேர்ந்து பதினொரு பேர்தான் தேறியிருந்தார்கள். பின்னால் டிப்போ அனுப்பிய பஸ்ஸில், வேலை இல்லாத டிரைவர்கள் ஒன்பது பேர். ஆக இருபது. அவள் படிக்கப் போவதை அறுபது காலி நாற்காலிகள் கேட்டுக்கொண்டிருக்கும்.

மாணவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? டெரெக் தன் அப்பா என்று அவளே யாரிடமும் சொல்லவில்லை. பல்கலைக்கழகம் வீட்டிலிருந்து நான்கே மைல். இருந்தும் பிடிவாதமாக, மாணவர்கள் குடியிருக்கும் ஃபாலோஃபீல்டில் நான்கு பேரோடு ஒரு வீட்டில் குடியேறியிருந்தாள். அங்கே பொதுவில் ஒரே ஒரு வாணலி. அது கழுவப்பட்ட நாளைப் பார்த்ததாக அந்தத் தெருவில் எவரும் சத்தியம் செய்ய முடியாது. கூட இருந்தவர்களின் அப்பாக்கள் வக்கீல், பல் டாக்டர் என்று எங்கெங்கோ தூரத்தில் இருந்தார்கள். அவளுடைய அப்பா தினமும் காலை எட்டேகாலுக்கு வாசல் நிறுத்தத்துக்கே வந்தார்.

“பஸ்ல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கப்பா,” என்று முதல் வாரமே கேட்டுக்கொண்டாள்.

டெரெக்குக்கு அதில் கொண்டாட்டம். மறுநாளிலிருந்து அவளுடைய பாஸை மட்டும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, “இது நீங்க இல்லையே, மேடம்,” என்பார். பின்னால் வரிசை முனகும். அவளோடு தங்கியிருந்த ஃபிரேயா, “அந்த ஆளுக்கு உன்மேல என்னடி கோபம்?” என்று கேட்டதுண்டு. இறங்கும்போது அந்த ஊர் வழக்கப்படி எல்லாரும் “நன்றி, டிரைவர்” என்பார்கள். அவளும் சொல்வாள். “நல்லா படி, கண்ணு,” என்பார், எல்லாரிடமும் சொல்வதுபோலவே.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் போனில் பேசிக்கொண்டே இறங்கிவிட்டாள்.

பரீட்சையைத் தள்ளிப்போட அவள் கொடுத்த விண்ணப்பம் இரண்டே நாளில் திரும்பி வந்தது. இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்ற கட்டத்தில், அவளை அறியாமலே ‘டிரைவர்’ என்று எழுதியிருந்தாள்.

“ஏன் நிக்குது?” என்றாள் அம்மா.

நவோமி திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்த பஸ், பல்கலைக்கழக நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றிருந்தது. அதன் நெற்றியில், மரியாதைக்காக, டெரெக்கின் தட எண்ணை டிப்போக்காரர்கள் எரியவிட்டிருந்தார்கள். பரீட்சை முடிந்து, இரண்டு ராத்திரித் தூக்கம் பாக்கியோடு நின்ற கூட்டம் அந்த எண்ணைப் பார்த்துக் கையை நீட்டியது. கதவு திறந்தது. போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே வரிசை உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“பஸ்ஸை ஓட்டற அந்தப் பொடியனுக்கு மூளை இருக்கா?” மாமா கழுத்தை வளைத்துப் பார்த்தார். “சவ ஊர்வலத்துல எவனாவது ஆள் ஏத்துவானா?”

அடுத்த நிறுத்தத்திலும் பஸ் நின்றது. அதற்கடுத்ததிலும். சவ வண்டி ஒவ்வொரு தடவையும் ஓரங்கட்டிக் காத்திருந்தது. பதினொன்று ஐம்பத்திரண்டு. ஃபாலோஃபீல்டு வந்தபோது மாணவர்கள் இறங்க மணியை அழுத்தினார்கள். அதற்குள் சவ வண்டி பச்சை விளக்கைத் தாண்டிவிட்டது. அதைத் தவறவிட்டால் தொலைந்தோம் என்று பஸ்ஸும் நிற்காமல் பின்னாலேயே பாய்ந்தது. பிறகு மணி ஓயவே இல்லை. டிங், டிங், டிங் என்று தகன மண்டபம்வரை ஊரையே எழுப்பிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கத்துக் கல்லறைகளில் இருந்தவர்களுக்குக்கூட ஒரு தடவை புரண்டு படுக்கத் தோன்றியிருக்கும்.

பன்னிரண்டு ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மாமா காரைவிட்டு இறங்கிய வேகத்தில் பஸ்ஸில் ஏறினார். “லீராய், என்னடா காரியம் பண்ணே?”

“கை காட்டினாங்க சார்.” இருபத்தாறு வயது லீராய் ஸ்டியரிங்கை விடாமலே சொன்னான். “கை காட்டினா நிறுத்தணும்னு டெரெக்தான் சொல்லிக்கொடுத்தார். நம்ம ஆளுங்களும் இவங்க டெரெக்குக்காகத்தான் வர்றாங்கன்னு கண்ணைத் துடைச்சிக்கிட்டாங்க. அந்தப் பசங்களோ கறுப்பு டை கட்டின ஒன்பது பேரைப் பார்த்து, டிக்கெட் பரிசோதகர்னு பயந்து மொத்தமா மேல ஓடிட்டாங்க.”

மாமா அவனை விட்டுவிட்டு, இறங்க முண்டிய கூட்டத்தை மறித்துக்கொண்டு மாடிப்படியில் ஏறினார். திரும்பி இறங்கி வந்து, லீராயைத் தாண்டி நேரே மண்டபத்துக்குள் போனார்.

முதலில் இறங்கியவர்களில் ஃபிரேயாவும் இருந்தாள். சுற்றிலும் பார்த்தாள். நவோமியின் கறுப்பு உடையைப் பார்த்தாள்.

“குடும்பத்துல ஒரு சாவுன்னியே. இங்கேயா?”

“ம். எங்கப்பா.”

வாசலில் ஒரு முக்காலியின் மேல் டெரெக்கின் படம் இருந்தது. சீருடை, ஒரு பக்கமாகக் கோணிய சிரிப்பு. ஃபிரேயா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ரெண்டு வருஷமா…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பிறகு திரும்பிப் போய், போனில் வாடகைக் கார் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். ஒவ்வொருவராகப் போனை அணைத்தார்கள். ஒரு பையன் தொப்பியைக் கழற்றினான். உள்ளே எண்பது நாற்காலிகளும் நிரம்பின. முதுகுப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் உட்காருவதுபோலவே உட்கார்ந்திருந்தார்கள்.

பிரார்த்தனை முடிந்து நவோமி எழுந்தபோது மணி பன்னிரண்டு இருபத்திரண்டு. தாளைப் பிரித்தாள். “என்னைக் கடைசியாகக் கொண்டுபோகும் அன்றைக்கு,” என்று படித்தாள். மேலே போக முடியவில்லை. எண்பது பேரும் காத்திருந்தார்கள். யாரோ இருமலை அடக்கினார்கள். மண்டப ஊழியர் கடிகாரத்தையும் அவளையும் பார்த்துவிட்டு, மெதுவாகப் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவைத்தார்.

வெளியேறும் வழி சவப்பெட்டியை ஒட்டிப் போயிற்று. வரிசையில் முதலில் வந்தது அந்தத் தொப்பிக்காரப் பையன். பெட்டியைத் தாண்டும்போது, என்ன சொல்வதென்று தெரியாமல், வாய்க்குப் பழகியதையே சொன்னான்.

“நன்றி, டிரைவர்.”

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவனும். டிப்போ ஆட்களும் சொன்னார்கள். அம்மா பெட்டியை இரண்டு விரலால் தொட்டுவிட்டுப் போனாள். கிளிஃபர்ட் மாமா கதவோரம் நின்று, உதட்டுக்குள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

நவோமி கடைசி. கைப்பையிலிருந்து பஸ் பாஸை எடுத்தாள். படம் இருக்கும் பக்கத்தைப் பெட்டியின் பக்கம் திருப்பிப் பிடித்தாள். வழக்கமாக அவர் பார்க்க எடுத்துக்கொள்ளும் நேரம்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஊழியர் அவசரப்படுத்தவில்லை.

வெளியே லீராய் பஸ்ஸின் கதவைத் திறந்துவைத்திருந்தான். மாணவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாமா அவளருகே வந்து, அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

“அடிக்கலையா?”

“இல்ல மாமா. படிக்கத்தான் முடியல.”

அவர் தாளை மடித்தார். இன்னொரு தடவை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கண் பஸ்ஸின் மேல் ஜன்னல்களில் இருந்தது.

“மேல நாப்பத்தஞ்சு சீட்டு,” என்றார். “பதினஞ்சு பேர் நின்னுக்கிட்டுத்தான் வந்தாங்க.”