பாலீஷ் போட்ட நாற்காலிகள்

விலைமதிக்க முடியாத இரண்டு நாற்காலிகளை வெள்ளியங்கிரி நாற்பது டாலருக்கு வாங்கியிருந்தான். அறுபது சொன்னார்கள். செத்துப்போன வெள்ளைக்காரக் கிழவியின் சாமான், அவளா வந்து கேட்கப்போகிறாள் என்று இருபதைக் குறைத்தான். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வளர்ந்தவன், அமெரிக்காவில் எடிசனுக்கு வந்துவிட்டால் மட்டும் சொன்ன விலையைக் கொடுத்துவிடுவானா?

மூன்று வருடம் அவற்றின் மேல் துணிதான் காய்ந்தது. 2001 அக்டோபரில் வேலை போயிற்று. வீட்டுக்கு முன்பணம் கட்ட ஈரோட்டில் அடகு வைத்த மனைவி ஸ்வர்ணாவின் முப்பது பவுன் நகை மாதக் கடைசியில் ஏலத்துக்குப் போகும். நாற்காலிகளை, அடிப்பக்கம் உட்பட, போட்டோ எடுத்துப் பழம்பொருள் வியாபாரி பிராட்லிக்கு அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாக உடனே போன் வந்தது.

சனிக்கிழமை முழுக்க கராஜில் உப்புத்தாள் பிடித்தான்.

"என்னங்க, அவரு வந்து பார்க்கட்டுமே. எதுக்கு இப்படிப் போட்டுத் தேய்க்கறீங்க?" என்றாள் ஸ்வர்ணா.

"பாலீஷ் போடாத மஞ்சளை எவன் புள்ள வாங்குவான்? அழுக்குச் சரக்குக்கு அழுக்கு விலைதான்."

"அடியில என்னமோ எழுதி ஒட்டியிருக்குதுங்க."

"பழைய சீட்டு. நேர்ல அதைப் பார்த்தா வயசைச் சொல்லியே விலையைக் குறைப்பான்."

இரண்டு சீட்டையும் ஈரத்துணியால் சுரண்டி எடுத்தான். முதுகுப் பலகையில் வெளிர்மரச் சீவலால் பதித்திருந்த சிப்பி வடிவப் பூ தேய்ந்து நிழலாகிவிட்டது. மேலே வார்னிஷ் இரண்டு கை.

பிராட்லி வந்தார். ஒன்றைக் கவிழ்த்து, சீட்டு இருந்த இடத்தை விரலால் தடவினார். பேரத் தந்திரம் என்று வெள்ளியங்கிரி நினைத்துக்கொண்டான்.

"இதைச் செய்தவன் சைலஸ் ஹோபன், லண்டன் தச்சன்," என்றார் பிராட்லி. "ஒரு பிரபு ஆறு நாற்காலி வாங்கிக்கொண்டு காசு தரவில்லை. ஹோபன் தன் கடனை அடைக்க முடியாமல் கடனாளிகள் சிறையில் செத்தான். அனுப்பும்போது ஒவ்வொன்றின் அடியிலும் 'கூலி பாக்கி' என்று தன் கையால் எழுதி ஒட்டியிருந்தான். நான்கு கிடைத்துவிட்டன. மீதி இரண்டைத்தான் இருபது வருடமாகத் தேடினேன்."

"போட்டோவில் இருந்தபடியே இருந்திருந்தால்?"

"முப்பதாயிரம்."

"இப்போது?"

"உட்காரலாம். எண்பது டாலர்."

"நூறு," என்றது வெள்ளியங்கிரியின் வாய், தன்னால்.

பிராட்லி நூறை எண்ணி வைத்துவிட்டு, நாற்காலிகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

"பேரத்துல ஜெயிச்சுட்டீங்க," என்றாள் ஸ்வர்ணா. பிரிட்ஜில் தொங்கிய காலண்டரின் பின்பக்கத்தில் அவளே எழுதினாள்: வாங்கினது நாற்பது. உப்புத்தாள், வார்னிஷ் இருபத்திரண்டு. விற்றது நூறு. லாபம் முப்பத்தெட்டு டாலர்.

அடியில் ஒரு கோடு இழுத்தாள். பாக்கி, முப்பது பவுன்.