காயாத முகம்

படம் முடிந்தபோது தேவசிகாமணிக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. இடுப்புதான் வலித்தது. ஐந்து மாதமாகக் குத்தவைத்து, மயிரிழை போல் கோட்டின்மேல் கோடாக இழுத்து, செத்துப்போன ஒரு மனிதரின் முகத்தைப் பலாப்பலகையில் கொண்டுவந்திருந்தான்.

பனையேறியின் மகன் அவன். பிழைப்பு, வீடுகளுக்கு வெள்ளையடிப்பது. சித்திர வேலையைப் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் துரைசாணியிடம், வெள்ளைக்காரியிடம், கற்றிருந்தான். சாத்தான்குளத்துச் செம்மணலை, தேரிமண்ணைக் கழுவி அரைத்துச் சதைக்குச் சிவப்பு எடுப்பான். அதைக் குழைக்கக் கோழிமுட்டையின் மஞ்சள்கரு. மிஞ்சும் வெள்ளைக்கருவைப் பெண்சாதி ஹெப்சிபா தினமும் பொரித்து வைப்பாள். இப்போது அதைக் கண்டாலே குமட்டியது.

செத்தவர் டவுன் சைவப்பிள்ளை, வாந்திபேதியில் போனவர். போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. பத்து வருஷம் அந்த வீட்டுக்கு வெள்ளையடித்தவன் என்பதால், அவர் மனைவி பிரம்மநாயகி ஆச்சி இவனிடம் படம் போடக் கேட்டாள். "எதுலவே குழைப்பீரு?" என்றபோது, "வேலம்பிசின், ஆச்சி" என்று சொல்லிவைத்தான்.

மறுநாள் அவருக்குத் தலைத் திவசம், செத்து ஒரு வருஷம். ஆச்சி வில்வண்டியில் சந்தனக் கிண்ணத்தோடு வந்து இறங்கினாள். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இந்த எகத்தாளப் பார்வைய எங்கவே புடிச்சீரு? சுண்ணாம்பு சிந்திட்டீருன்னு வைவாகளே, அப்பப் பாக்க பார்வைல்லா இது!"

"நாந்தானே ஆச்சி வசவு வாங்குனேன்."

சிரித்துக்கொண்டே விரலைச் சந்தனத்தில் தோய்த்தாள். செத்தவர் படம், நெற்றியில் சந்தனம் வைத்துத்தான் வீட்டுக்குள் போகும்.

"பொறுங்க ஆச்சி! ஈரம் பட்டா பேந்துரும். இறுக மூணு மாசம் ஆவும்."

"பிசின் ஒரு நாள்ல இறுகிருமேவே. என்ன முழிக்கீரு?"

இன்னொரு பொய் வாயில் வரத்தான் செய்தது. அதைக் காப்பாற்ற அவனிடம் தெம்பு இல்லை.

"பிசின் இல்ல ஆச்சி. முட்டை. மஞ்சக்கரு."

சந்தன விரல் அந்தரத்தில் நின்றது.

"அவுக கறிச்சட்டி இருக்க தெருவுலகூட நடக்கமாட்டாக. தெரியும்லா உமக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா செஞ்சீரு?"

"பிசின்லயும் போட்டேன். கொலுபொம்மை கணக்கா வந்தாக." மூலையிலிருந்து இன்னொரு பலகையை எடுத்து வைத்தான். மீசை சரி, காது சரி. ஆள்தான் இல்லை.

ஆச்சி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பொம்மை முகத்தின் நெற்றியில் சந்தனத்தை அழுத்தி வைத்தாள்.

"இத வண்டில ஏத்தும். மத்தது எங்க வாசப்படி மிதிக்கப்படாது."

அவன் ஏற்றினான். வண்டிக்காரன் மாட்டைத் தட்டப் போனபோது ஆச்சி கேட்டாள்: "அவுகள என்ன செய்வீரு?"

"சுரண்டிட்டு வேற போடணும். பலகை கிடைக்கணும்லா."

"சுரண்டாதேயும்." தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வெள்ளையடிக்கக் கூப்பிடுத சாக்குல மாசம் ஒருக்க வாறேன். மழை படாம வையும்."

ஐப்பசி மாதம். ஓலைக்கூரை பாதி இற்றுப்போயிருந்தது. ஒழுகாத இடமாக வீட்டுக்குள் ஒரே மூலைதான் இருந்தது. அங்கேதான் அவனும் ஹெப்சிபாவும் பாய் விரிப்பது. அங்கே ஆணியடித்துப் படத்தை மாட்டினான்.

ஹெப்சிபா பொரித்த வெள்ளைக்கருவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"செத்தும் விடலியா இந்தப் பிள்ளைவாளு? தலைமாட்டுல நின்னுல்லா வையப்போறாரு."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு, படத்துக்கு அடியில் அப்படியே சாய்ந்தான்.