சத்தத்துக்கு மயங்கியவர்

ஜெனிற்றாவின் ஈசிஜி தாளை டொக்டர் பஹ்மியா மூன்றாவது தடவையாக அளந்து பார்த்தபோது, தகப்பன் கிறிஸ்தோபர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

பதினொரு வயது ஜெனிற்றாவோ ஒன்றும் நடக்காதவள் போல் கட்டிலில் காலாட்டிக்கொண்டிருந்தாள். போன செவ்வாய்க்கிழமை நிலாவெளி றோட்டில், பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்ததும் சைக்கிளோடு மயங்கி விழுந்தவள். அரை நிமிடத்தில் எழும்பிவிட்டாள்.

"பஸ்காரர்தான் அழுதவர், டொக்டர். நான் அழேல்லை. என்ர சைக்கிள்தான் பாவம்."

பெற்றவர்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதத்துக்கு முன், அவளுடைய அக்கா லதுஷாவும் இப்படித்தான் விழுந்தாள். விடியற்காலை ரியூஷனுக்கு அலாரம் அடித்தது. திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே பாயில் சரிந்தாள். அதற்குப் பிறகு எழும்பவில்லை. பதினேழு வயது. வலிப்பு என்று இரண்டு வருடமாகக் குளிசை குடித்தவள். இறந்த பின் பரிசோதித்தவர்கள், இதயத்தில் ஒரு பழுதும் இல்லை என்றுதான் எழுதினார்கள்.

வலிப்பு என்று முதலில் சொன்னது கிறிஸ்தோபர். மனைவி இன்பமலரின் தம்பி றிக்சனுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. அது வசதியாகப் போயிற்று. செத்த வீட்டுக்குக் கட்டைபறிச்சானிலிருந்து ஓடி வந்த றிக்சனை, "உங்கட இரத்தம்தானடா என்ர பிள்ளையைத் தின்டது" என்று வாசல் படலையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். மருமகளின் முகத்தைப் பார்க்காமலே றிக்சன் போனான். இன்பமலர் அன்று வாய் திறக்கவில்லை. தன் பக்கத்து வருத்தம் என்று அவளும் நம்பியிருந்தாள்.

ஜெனிற்றாவை ஒரு நேர்ஸ் மிஸ் வெளி விறாந்தைக்குக் கூட்டிப் போனார். டொக்டர் கதிரையை அருகே இழுத்துக்கொண்டார்.

"இது வலிப்பு இல்ல. மூத்த பிள்ளைக்கும் இதாத்தான் இருந்திருக்கும்." தாளில் ஓடிய கோட்டின் மேல் பேனையை வைத்தார். "இதயம் ஒருக்கா அடிச்சா, அடுத்த அடிக்கு முதல் ஆற வேணும். இதயத்து உயிர்க்கலங்களுக்குள்ள இருக்கிற பொட்டாசியம் வெளியில போனாத்தான் ஆறும். அதுக்குச் சின்னச் சின்ன வாசல்கள் இருக்கு. ஒவ்வொரு வாசலுக்கும் ரெண்டு கதவு எண்டு வைங்க. அடிக்கிறதுக்கு இதயத்தில மின்சாரம் ஏறினவுடன ஒரு கதவு திறக்கும். ஆனா மற்றக் கதவு அதைவிடக் கெதியா வந்து அடைச்சிரும். மின்சாரம் இறங்கத் தொடங்கினாப் பிறகுதான் மற்றக் கதவு விலகும். அப்பதான் பொட்டாசியம் பாய்ஞ்சு வெளியே போகும்."

"இவவுக்கு?" இன்பமலர் கேட்டாள்.

"வாசல் குறைவா இருக்கலாம். இல்லாட்டி மற்றக் கதவு இறுகி, விலக மாட்டன் எண்டு நிக்கலாம். எது எண்டு அறிய இரத்தம் அனுப்பிப் பார்க்க வேணும். எதெண்டாலும் இதயம் ஆறப் பிந்துது. அந்த நேரம் பார்த்து ஒரு சத்தம் திடுக்கிட வைச்சா, இதயம் ஒழுங்கா அடிக்காம நடுங்கத் தொடங்கிரும். தானா அடங்கினாப் பிள்ளை எழும்பும். அடங்காட்டி..."

"அலாரத்தை நான்தான் வைச்சனான், டொக்டர். அவள் எழும்பமாட்டாள் எண்டு சத்தத்தைக் கூட்டி வைச்சனான்," என்றாள் இன்பமலர்.

"நீங்க அறிஞ்சா செஞ்சீங்க?" டொக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இது அநேகமாத் தாய் வழியாவோ தகப்பன் வழியாவோ வாறது. காலையில எடுத்த உங்கட ஈசிஜி நல்லா இருக்கு. குடும்பத்தில வேற யாரும் திடீர்ச் சத்தத்துக்கு மயங்கி விழுந்திருக்காங்களா?"

"என்ர தம்பிக்கு வலிப்பு."

"சத்தத்துக்கா வாறது?"

"இல்லை. நித்திரை குறைஞ்சால் வரும்."

"அப்ப அது வேற."

டொக்டர் கிறிஸ்தோபரைப் பார்த்தார். காலையில் ஈசிஜி எடுக்கக் கூப்பிட்டபோது, "எனக்கென்ன, நான் கல்லு மாதிரி" என்று நழுவியவர் அவர். வள்ளத்து மெசின் திருத்தி எண்ணெய் ஏறிய நகங்களை இப்போது ஒவ்வொன்றாகச் சுரண்டினார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் வெளியே ஜெனிற்றா மிஸ்ஸிடம் சைக்கிள் கதை சொல்வது கேட்டது.

"எனக்கு வந்தது," என்றார்.

இன்பமலர் திரும்பினாள்.

"ரெண்டு தரம். சண்டை நடந்த பிரச்சினை நேரம், பன்ரெண்டு வயசிலை, கிட்ட ஒரு செல் விழுந்து வெடிச்சது. சத்தம் கேட்டதுதான் தெரியும், மயங்கிப்போனன். பொடியங்கள் பயந்தாங்கொள்ளி எண்டு பேர் வைச்சவங்கள். பிறகு பத்தொன்பது வயசிலை, மெசின் ஒண்டு வெடிச்ச சத்தத்துக்கு விழுந்தன். பயம் எண்டுதான் நினைச்சனான். மானம் போயிடும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அந்தக் காலத்தில் செல் சத்தத்துக்கு மயங்கிய பிள்ளையை எவரும் டொக்டரிடம் காட்டவில்லை. பயம் என்று தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். அதுவரை சரி. ஆனால் லதுஷா முதல் தடவை கோயில் திருவிழா வெடிக்கு விழுந்தபோது, தான் விழுந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. வந்ததை அமுக்கிவிட்டு, றிக்சனின் பெயரைச் சொன்னார்.

கட்டிலில் அவரைப் படுக்கவைத்து நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். தாள் ஓடி முடிந்தது. டொக்டர் அதை மகளின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் கோடு ஒரே மாதிரிப் பிந்தி இறங்கியிருந்தது.

"முதலே சொல்லியிருந்தால் மூத்தவள் இருந்திருப்பாளோ, டொக்டர்?" கிறிஸ்தோபர் கேட்டார்.

"வலிப்பு எண்டு மட்டும் விட்டிருக்க மாட்டாங்க. ஒரு ஈசிஜி எடுத்திருப்பாங்க." மருந்துச் சீட்டை இழுத்தெடுத்து, "சின்னவவுக்கு இண்டைக்கே மருந்து தொடங்குவம். ஒரு நாளும் தவறக் கூடாது. உங்களுக்கும்தான்," என்றார்.

இன்பமலர் எழுந்து வெளியே போனாள். அவர் சட்டைப் பொத்தான்களை மாறிப் பூட்டிக்கொண்டு பின்னால் போனார்.

"இன்பம், நான்..."

"என்ர தம்பி படலைக்கு வெளியிலை நிண்டு அழுதவன்." அவள் குரல் உயரவில்லை. "நாளைக்கு முதல் பஸ்ஸிலை கட்டைபறிச்சானுக்குப் போறம். நீங்கள்தான் அவனுக்குச் சொல்லவேணும். நான் ஒரு சொல் கதைக்கமாட்டன்."

"ஓம்."

"மாமா வீட்டையா?" ஜெனிற்றா விறாந்தை மர வாங்கிலிருந்து துள்ளி எழுந்தாள். "உண்மையாவோ அப்பா? மாமாவோட கோவம் போயிட்டுதோ?"

கிறிஸ்தோபர் அவள் தலையில் கை வைத்தார். வேறு எங்கு பார்ப்பதென்று தெரியாமல், அவளுடைய தேய்ந்த செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.